வாடை. சரி.

மண்டபத்தில் இரண்டாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் கணினித் திரையில் உப்புப் படிகிறது.
அதனால் கடலைப் பார்க்காமல்
கடலைப் பதிவேற்றிக்கொண்டிருக்கிறேன்.

பாம்பன் ஓதமானி, 1931.
வாரத்துக்கு ஒரு தாள், கரையான் விட்டுவைத்த மட்டும்.
பென்சில் கோடு ஏறுகிறது, இறங்குகிறது,
மணிக்கு ஒரு இடத்தில் அதன் மேல் ஒரு சொடுக்கு.

கருவி எளிது என்கிறது கையேடு.
துறைச்சுவரில் ஓர் இரும்புக் குழாய்,
அடியில் விரல் நுழையும் துளை:
அலை வெளியே நிற்கும், ஓதம் மட்டும் உள்ளே வரும்.
குழாய்க்குள் செம்பு மிதவை, மிதவையில் கம்பி,
கம்பி ஏறும் கப்பி, கப்பிக்கு அப்பால் பென்சில்,
அதனடியில் கடிகாரம் சுழற்றும் உருளை.
தினமும் காலை எட்டுக்கு ஒரு ஆள் வந்து
கடிகாரம் எத்தனை நிமிடம் பிந்தியது என்று எழுத வேண்டும்.
தாளின் ஓரத்தில் அந்த ஆள்: தி. மொராயிஸ்.
திபூர்சியஸ் என்று முழுசாக இருப்பது சம்பளப் பட்டியலில்.

குறிப்புக் கட்டம் கட்டைவிரல் அகலம்.
"சோழகம். 2 நிமிடம் பின்."
"கச்சான், கடுமை. துளையில் பாசி. குத்திவிட்டேன்."

ஏப்ரலிலிருந்து கடல் இறங்கிக்கொண்டே போகிறது.
வாரத்துக்கு ஒரு நூல்,
ஆகஸ்டில் ஒரு விரற்கடை.
மேலிடத்து நீலப் பென்சில் கேட்கிறது: ஏன்?
அடுத்த தாளில்,
"கடல் இறங்கவில்லை. மிதவையடியில் கொட்டலசு.
சுரண்டினேன். கடைத் தராசில் எட்டுப் பலம்."
அன்று காலை எட்டேகாலுக்கு
மன்னார் வளைகுடா முழுவதும் ஒரே தாவில்
ஒரு விரற்கடை உயர்ந்தது.
நான் நாலு மாதக் கொட்டலசை
வாரம் வாரமாகக் கடலிலிருந்து கழித்தேன்.

பிறகு நவம்பர் ஒன்பது, பத்து, பதினொன்று.

வாடைக்காலத்தில் கோடு இப்படி இருக்காது.
வள்ளம் போனால் ஒரு பல்,
கப்பல் கால்வாயைக் கடந்தால் ஒரு முள்,
எவனோ தூண்டிலோடு குழாயில் சாய்ந்த இடத்தில் ஒரு முடிச்சு.
இந்த மூன்று நாளும் எண்ணெய் வடிந்த மாதிரி.
நிலவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.
அந்த வருஷத்திலேயே
கணக்கோடு அச்சாகப் பொருந்துவது
கருவி வரையாத இந்த மூன்று நாள்தான்.
ஏத்தமும் வத்தமும் எப்போது, எவ்வளவு என்று
அவர் கைக்கே தெரிந்திருக்கிறது.

"வாடை. சரி."
"வாடை. சரி."
"வாடை. சரி."

யாருக்குக் காய்ச்சல், எந்த வீட்டுச் சாவு,
இல்லை, வெறுமனே வரப் பிடிக்கவில்லையா,
கட்டைவிரல் அகலத்தில் என்ன எழுதுவது.
பன்னிரண்டாம் தேதி மறுபடியும் பல், முள்.
ஓரத்தில் முதல்முறையாக
திபூர்சியஸ் மொராயிஸ்
என்று முழுப் பெயர், அழுத்தி.

ஐயத்துக்குரிய எண்ணுக்கு நான்கு என்று குறியிட வேண்டும், விதி.
எழுபத்திரண்டு முறை நான்கை அழுத்தினேன்.
அறுபதாவதில் மின்சாரம் போனது.
வந்ததும் முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை பாம்பனுக்குப் பஸ் ஏறினேன்.
குழாய் இல்லை. சுவரில் அதன் நாலு திருகாணி.
கொஞ்சம் தள்ளி, கல்லில் பதித்த பித்தளைக் குமிழ்:
சராசரிக் கடல்மட்டத்துக்கு இத்தனை அடி மேலே.
சராசரி மட்டத்தில் கடல் நிற்பதில்லை,
நாளைக்கு நாலு முறை தாண்டிப் போகிறது.
அந்தச் சராசரிக்குள் அந்த மூன்று நாளும் எங்கோ கிடக்கும்,
ஒரு நூல் கனம்கூட இல்லாமல்.

குமிழின் மேல் ஒரு பெண் நெத்திலி பரப்பியிருந்தாள்.
ஒதுக்கிப் பார்க்கலாமா என்றேன்.
"பாருங்க, ஆனா காக்காய அண்டவிடாதீங்க,"
கோலை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

நின்றேன்.
சோழகம். வத்தம் தொடங்கியாயிற்று.
காகம் ஏழு.
மீன் சேதம், ஒன்று.
அவள் வந்ததும் சொல்லிவிட்டேன்.